மணிகண்டன் சொன்ன கட்டி

எங்கள் ஊரில் போனைக் காதில் வைத்துப் பேசுகிறவர் யாரும் இல்லை. அஞ்செட்டியிலிருந்து இன்னும் உள்ளே, காட்டை ஒட்டின ஊர். தண்ணீர்த்தொட்டி மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால். அதனால் ஸ்பீக்கரைப் போட்டுக் கத்துவோம். ஓசூருக்கும் சூளகிரிக்கும் பிள்ளைகளைக் கம்பெனி வேலைக்கு அனுப்பிய அம்மாக்கள் எல்லாரும் ஞாயிறு சாயங்காலம் அங்கே கூடுவோம். யார் வீட்டுச் சங்கதியும் யாருக்கும் ரகசியமில்லை.

என் மகன் மணிகண்டன் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருக்கிறான். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னதையும் மேடே கேட்டது.

"அம்மா, என் தலையில சின்னதா ஒரு கட்டி இருக்குதாம். போன் பேசிப் பேசித்தான் வந்துச்சுன்னு டாக்டர் சொல்றாரு. இப்படியே பேசினா புத்துநோய் ஆயிடுமாம். இனிமே நீ போன் பண்ணாத, நானே பண்றன்."

"நான் கிளம்பி வரன்டா கண்ணு."

"வராத. ரூம்ல பசங்க நிறைய பேர் இருக்காங்க. மாத்திரையில சரியாயிடும்."

அவன் பண்ணவே இல்லை. நானும் பண்ணவில்லை. நான் ஒரு தடவை கூப்பிட்டால் கட்டி ஒரு சுற்றுப் பெருக்கும் என்று மனதில் பதிந்துவிட்டது. முனியப்பனுக்குக் கிடா நேர்ந்துகொண்டேன். மாடு முட்டிக் கை ஒடிந்தபோதுகூட அவனிடம் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையின் தலையைவிட என் கை பெரிதா?

அதோடு விட்டேனா? மேட்டுக்கு வந்தவர்களையெல்லாம் மறித்தேன். "உங்க புள்ளைங்க மூளைய நீங்களே தின்னாதீங்கடி!" என்று கத்தினேன். முனிலட்சுமியின் மகள் சூளகிரியில் கம்பெனி விடுதியில் இருக்கிறாள். முனிலட்சுமி அன்றைக்கே போனை அணைத்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். சாந்தம்மாவும் மற்றவர்களும் அதேபோல் நிறுத்தினார்கள். பங்குனி வந்தபோது மேட்டில் ஆடுகள்தான் மேய்ந்தன.

கைக்கட்டைப் பார்க்க வந்த நர்சு பிரவீனா, "மகனுக்குச் சொன்னீங்களாம்மா?" என்று கேட்டாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முகம் மாறியது.

"எந்த டாக்டரும்மா அப்படிச் சொன்னாரு? உலகம் பூரா வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிட்டாங்க. வருமோன்னு சந்தேகப்பட்டவங்க உண்டு. ஆனா போன் பேசறதால மூளையில புத்துநோய் வருதுன்னு இதுவரைக்கும் நிரூபணம் ஆகல. அது கிடக்கட்டும், நெசமாவே கட்டி இருந்தா மாத்திரையோட விடக்கூடாது. எந்த ஆஸ்பத்திரின்னு கேப்போம், வாங்க."

நான் எழுந்து பிரவீனாவோடு நடந்தேன். மணிக்கு என்னவோ ஆகிவிட்டதென்று நினைத்து முனிலட்சுமி, சாந்தம்மா எல்லாரும் கூடவே மேட்டுக்கு ஓடிவந்தார்கள். பிரவீனா தன் போனில் அவனைக் கூப்பிட்டு, எங்கள் வழக்கப்படி ஸ்பீக்கரைப் போட்டுத் தூக்கிப் பிடித்தாள்.

உடனே எடுத்தான். "சொல்லுங்க, யாரு?"

"உங்க ஊரு நர்சு பேசறேங்க. உங்களுக்குத் தலையில கட்டின்னு அம்மா ரொம்ப பயந்து போயிருக்காங்க. ஸ்கேன் எங்க எடுத்தீங்க?"

அவன் சிரித்தான்.

"கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல சிஸ்டர். ஞாயித்துக்கிழமை ஆனா ஊரே சேந்துக்கிட்டு போன்ல கத்துது. களி தின்னியா, மாடு கன்னு போட்டுச்சுன்னு. ரூம்ல பசங்க அதே மாதிரி பேசிக் காட்டிச் சிரிக்கிறாங்க. போன் பண்ணாதன்னா அம்மா கேக்காது. புத்துநோய்னா அது நம்பிடும்னு தெரியும். அதான் சொன்னன். நீங்க அதுகிட்ட சொல்லிக்காதீங்க."

பிரவீனா அணைக்கப் போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அடுத்த மூச்சிலேயே அந்த வயிறு எரிந்தது. நான் நம்புவேன் என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறான். ஏமாந்தவள் என்பதுகூடப் பெரிதில்லை. எவ்வளவு பயப்படுவேன் என்று கணக்குப் போட்டு அந்தப் பயத்தையே என் வாயில் திணித்திருக்கிறானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மணி," என்றேன். எப்போதும்போலக் கத்தவில்லை.

 அவன் அழைப்பைத் துண்டித்துவிட்டான். பிரவீனா மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முனிலட்சுமி என் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடிப்போய்ப் போனோடு திரும்பி வந்தாள். தொட்டியின் அந்தப் பக்கம் போய்க் கையைத் தூக்கினாள்.

"அம்மா! ஏம்மா இத்தன நாளா போனே பண்ணல? எம்மேல கோவமா?" என்று அவள் மகள் கேட்டு அழுத சத்தம் மேடு முழுக்கக் கேட்டது. சாந்தம்மாவும் தன் மகனைக் கூப்பிட்டாள். பின்னாலேயே மற்றவர்களும் கூப்பிட்டார்கள். நான் வாயை அடைத்து வைத்திருந்த அத்தனை பிள்ளைகளும் முதல் மணியிலேயே எடுத்தார்கள்.