கண்ணைப் பார்த்து விற்க வேண்டும்

முதல் முறை உனைசி தோற்றது தரையைப் பார்த்துப் பேசியதால்.

சர்வதேச சந்தைப்படுத்தல் முதுகலைப் படிப்பில் கடைசித் தேர்வு பேனா பிடிக்கும் தேர்வல்ல. ஓர் அறை, ஒரு மேசை, எதிரே நிஜமாகவே வியாபாரம் செய்யும் ஒருவர். அவர் வாங்க வந்தவர், மாணவர் விற்க வந்தவர். மாதக்கணக்கில் எழுதிய திட்டத்தை அரை மணி நேரத்தில் அவர் தலையில் கட்டிவிட வேண்டும். வந்தவர் கேள்வி கேட்பதோடு சரி. மதிப்பெண் போடுவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் க்ரேவன். அந்த அம்மாள் கையிலுள்ள தாளில் பத்துக் கட்டங்கள் உண்டு. முதல் கட்டம்: கண்ணைப் பார்த்துப் பேசினாரா?

போன முறை வந்தவர் ஆக்லாந்துக் கடைக்காரர், வயதில் பெரியவர். உனைசி வளர்ந்த கண்டாவு தீவில் பெரியவர் முகத்தை வெறித்துப் பார்ப்பவளுக்கு வளர்ப்புச் சரியில்லை என்று பெயர். மரியாதைக்குத் தலை குனிந்தாள். க்ரேவனின் தாளில் அது ‘தன்னம்பிக்கை இல்லை’ என்று விழுந்தது.

இன்னொரு வாய்ப்புதான் உண்டு. இஞ்சி ஏற்றுமதிக் கொட்டகையில் பகலெல்லாம் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிவிட்டு, மாலை வகுப்புக்கு ஓடி ஓடிப் படித்த படிப்பு இது. ஆறு வருடத்துக்குள் முடிக்காதவருக்குப் பட்டம் இல்லை என்பது விதி. அந்த ஆறாவது வருடம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. தேர்வும் வெள்ளிக்கிழமைதான்.

ஆகவே ஒரு மாதமாகக் கண்ணைப் பார்க்கப் பழகினாள். முதலில் கண்ணாடியில் தன் கண்ணை. பிறகு தாய்மாமன் மகன் நெமானியின் கண்ணை. அவன் சுவா நகரில் மினி பஸ் ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரத்தில் வாங்க வந்தவராக வேஷம் கட்டிக்கொண்டு, காலை ஆட்டியபடி, “ம், என்னம்மா சரக்கு கொண்டாந்திருக்கே?” என்பான். சிரிப்பை அடக்கிப் பேசக் கற்றுக்கொண்டாள். பயம் முக்கால்வாசி போயிருந்தது.

வியாழக்கிழமை பிற்பகல், திரையில் படங்கள் சரியாக விழுகின்றனவா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். க்ரேவனின் அறைக் கதவில் பதித்த கண்ணாடி வழியே ஒருவரின் முதுகு தெரிந்தது. நாளைக்கு வருகிறவராக இருக்கும் என்று நின்று பார்த்தாள். அவர் காபிக் கோப்பையை எடுக்க இடது கையை நீட்டினார். அந்தக் கையில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை.

உனைசி சட்டென்று பின்வாங்கினாள். தாள் கட்டுகள் அடுக்கிய பக்கத்து அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் பேசி முடித்துப் படியிறங்கிப் போகும் வரை, நாற்பது நிமிடம், மூச்சு விடுவதற்கும் பயந்து நின்றாள்.

அவர் செமேசா. உனைசியின் பெரியப்பா மகன். அண்ணன்.

கண்டாவுவில் வயது வந்த அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. பேச்சில்லாவிட்டால் பகை என்று நினைப்பது வெளியூர்க்காரர் புத்தி. அண்ணன் இருக்கும் அறைக்குள் தங்கை வரமாட்டாள், தங்கை பெயரை அண்ணன் வாயால் சொல்லமாட்டான். ஏதாவது தெரியவேண்டுமென்றால் நடுவில் ஒருவர் கேட்டுச் சொல்வார். அந்த முறையை மீறினால் கேடு வரும், அதுவும் மீறினவருக்கு வராது, யாரிடம் மீறினாரோ அவருக்கு வரும் என்பார்கள். உனைசி ஒரு முறை மீறியிருக்கிறாள்.

அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. படிப்பதற்காகச் சுவாவுக்குக் கப்பலேற இருந்தவளை, தோட்டத்தில் ஆளில்லை, பெண் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று செமேசா சொல்லி நிறுத்தி வைத்திருந்தார். அப்பாவும் அண்ணன் மகன் பேச்சைத் தட்டவில்லை. கப்பல் புறப்படும் நேரத்தில் உனைசி துறைக்கு ஓடி, இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர் மூட்டைகளுக்கு நடுவே, ஊரே பார்க்க அவர் முன்னால் போய் நின்று கத்தினாள்: “செமேசா! என் படிப்பை நிறுத்த நீ யாரு?”

பெயரைச் சொல்லி, முகத்துக்கு நேரே. துறையில் இருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். செமேசா ஒரு வார்த்தை பேசாமல் விலகி வழிவிட்டார். அவள் கப்பலேறினாள். நான்காம் நாள் அதே துறையில் மூட்டை இழுக்கும் கயிறு அறுந்து அவருடைய இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று. “அவ வாய் வாங்கிடுச்சு” என்றது ஊர். அப்பா ஊர் வழக்கப்படி திமிங்கிலப் பல்லை ஏந்திப் போய்ப் பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். பெரியப்பா அதை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டால் விஷயம் புதைந்துவிட்டது, அப்புறம் யாரும் அதைத் தோண்டக் கூடாது. ஊர் மறந்தது, செமேசா பிரிஸ்பேனுக்குப் போனார். உனைசியால்தான் மறக்க முடியவில்லை. பதின்மூன்று வருடமாக எந்தக் கயிற்றைப் பார்த்தாலும் அவள் குரல்தான் அவள் காதில் விழும்.

செமேசா படியிறங்கிப் போன பிறகு க்ரேவனிடம் போனாள்.

“டாக்டர், நாளைக்கு வர்றவரை மாத்த முடியுமா?”

“ஏன்? பிரிஸ்பேன்ல பதினோரு கடைக்குச் சரக்குப் போடுறவர். உன் யங்கோனாத் திட்டத்துக்கு அவரை விட்டா ஆள் ஏது? எழுதினது யாருன்னு பேர் சொல்லாமதான் உன் திட்டத்தை அனுப்பினேன். முழுக்கப் படிச்சிட்டு வந்திருக்கார்.”

“அவர் எனக்கு அண்ணன். பெரியப்பா மகன்.”

“அதனால என்ன? மார்க் போடுறது நான்தானே?”

“நான் அவர்கிட்ட பேசக் கூடாது.”

“சண்டையா?”

“இல்ல. அண்ணன்.”

க்ரேவன் சிரித்துவிட்டார். கெட்ட மனசு இல்லை, அடிலெய்டிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. “எங்க ஊர்ல அண்ணன்கிட்ட பேசாம இருக்கணும்னா குறைஞ்சது ஒரு சொத்துத் தகராறாவது வேணும். உனைசி, நாளைக்கு டோக்கியோவுல ஒருத்தர் உன் எதிர்ல வந்து உட்காருவார். அவர்கிட்டயும் இப்படித்தான் சொல்லப்போறியா? ஆளை மாத்தினா அடுத்த பருவம்தான். உனக்கு அடுத்த பருவம் கிடையாது.”

அவர் தலைக்குப் பின்னால் ஓர் அட்டவணை தொங்கியது. எந்த நாட்டார் எவ்வளவு மரியாதை பார்ப்பார்கள், எவ்வளவு சுற்றி வளைத்துப் பேசுவார்கள் என்று எழுபது நாடுகளுக்கு எண் போட்டிருந்தது. அதை உனைசி மனப்பாடமாகப் படித்துத் தொண்ணூறு மதிப்பெண் வாங்கியவள். கண்டாவுவுக்கு அதில் இடமில்லை.

மறுநாள் காலை நெமானி பஸ்ஸோடு வந்தான். சுவாவில் வழக்கமான மழை.

“செமேசா மச்சான்கிட்ட நீதான்னு முன்னாடியே சொல்லிடலாம்னு தேடிப் போனேன்” என்றான். “நவுவாப் பக்கம் தோட்டம் பார்க்கப் போயிட்டாராம். போனும் எடுக்கல. அங்கிருந்து நேரா இங்கதான் வருவாராம்.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “பேசாம என்னைக் கட்டிக்கோடி. எனக்குப் பட்டமெல்லாம் வேண்டாம், இருக்கிறபடியே எடுத்துக்கிறேன்.”

“உன் வண்டியைத் தள்ளவே நாலு ஆள் வேணும். உன்னையும் சேர்த்து நான் தள்ளணுமா?”

கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்: “நெமானி, எனக்குப் பயமா இருக்குடா. தோத்தாக்கூடத் தொலையுது. நான் பேசி, திரும்ப அவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா? ஒரு பெண் குழந்தை வேற இருக்காம்.”

எதற்கெடுத்தாலும் பதில் வைத்திருப்பவன் அவன். இப்போது கண்ணாடி துடைப்பானை வேகமாக்கிவிட்டுப் பாதையிலேயே கண்ணாக ஓட்டினான். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

பத்து மணிக்கு அறைக் கதவைத் திறந்தாள். செமேசா நிமிர்ந்தார். ஒரே ஒரு நொடி. திட்டம் யாருடையது என்று அவருக்கும் அந்த நொடியில்தான் தெரிந்தது. நாற்காலியை அப்படியே பக்கவாட்டில் திருப்பி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். இடது கை மட்டும் மேசைமேல் இருந்தது.

“ஆரம்பிக்கலாம்” என்றார் க்ரேவன்.

உனைசி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பேசாவிட்டால் ஆறு வருடம் போச்சு. பேசினால்? அந்தக் கையையே பார்த்தாள். மூன்று விரல்கள் மேசையில் அசையாமல் கிடந்தன. ஒரு நிமிடம் போயிற்று, இரண்டாவது நிமிடமும் போயிற்று. க்ரேவன் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்து முதல் கட்டத்தில் எதையோ எழுதினார். அடுத்த கட்டத்துக்குப் பேனா நகர்ந்தபோது செமேசா பேசினார். ஜன்னலைப் பார்த்தபடி, க்ரேவனிடம்.

“டாக்டர், இந்தத் திட்டம் எழுதினவங்களை ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. யங்கோனாவைப் பொடியாக்கி, பாக்கெட் போட்டு, இணையத்துல நேரா வித்துட்டுப் போகலாம். நடுவுல பிரிஸ்பேன்ல இருபது பெண்களை வச்சு எதுக்கு விக்கணும்?”

“நீங்களே கேக்கலாமே, எதிர்லதானே நிக்கிறா.”

“நான் உங்ககிட்டதான் கேக்குறேன். நீங்க அங்க கேளுங்க.”

க்ரேவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, குழந்தைகள் விளையாட்டுக்கு இணங்கிய பெரியவர் மாதிரி, “ஏன் நேரா விக்கக் கூடாதுன்னு கேக்கிறார்” என்றார்.

உனைசிக்கு மூச்சு வந்தது. க்ரேவனின் கண்ணைப் பார்த்தாள். பார்க்கப் பழகிய கண்தான்.

“டாக்டர், அங்க வாங்குறது எங்க ஊர்க்காரங்க. முக்கால்வாசிப் பேர் சொந்தமா குடிக்க வாங்கல. துக்க வீட்டுக்கோ, கல்யாணத்துக்கோ, மன்னிப்புக் கேக்கவோ கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வாங்குறாங்க. பாக்கெட்டை யாராவது கையில ஏந்திக் கொடுப்பாங்களா? முழு வேரா, கட்டா வேணும். கொடுக்கிறவரும் தானா பேசமாட்டார், அவருக்காகப் பேச ஒருத்தர் வேணும். வெளிநாட்டுல பிறந்த பிள்ளைங்களுக்கு அந்தப் பேச்சும் தெரியாது, பேசிக்கொடுக்க ஆளும் தெரியாது. அந்த இருபது பெண்களும் வேரோட அதையும் சேர்த்துக் கொடுப்பாங்க. நான் விக்கிறது அதைத்தான்.”

க்ரேவன் அதை அந்தப் பக்கம் சொன்னார். பாதியை மறந்து, உனைசி எடுத்துக் கொடுக்க, திரும்பவும் சொன்னார். செமேசா விடவில்லை. இரக்கம் காட்டுவார் என்று அவள் நினைத்திருந்தால் ஏமாந்திருப்பாள். சுங்கத்தில் வேர் தடைப்பட்டால்? இருபது பெண்களில் ஐந்து பேர் பாதியில் விட்டுப் போனால்? “இந்தக் கணக்கு பச்சைப் பிள்ளைக் கணக்கா இருக்கே, கேளுங்க டாக்டர்” என்றார். அவளும் விடவில்லை. “பதினோரு கடை வச்சிருக்கிறவர் ஒரு துக்க வீட்டுக்காவது இணையத்துல வாங்கிக் கொடுத்திருக்காரான்னு கேளுங்க” என்றாள். ஜன்னல் பக்கம் தோள்கள் லேசாகக் குலுங்கின. க்ரேவன் எழுதுவதை நிறுத்தியிருந்தார். கேட்பதும் சொல்வதுமாக அந்த அம்மாளுக்கு வேர்த்துவிட்டது.

அரை மணி முடிந்தது. க்ரேவன் கட்டங்களைக் கூட்டினார்.

“கண்ணுக்குப் பூஜ்யம்தான். அதை என்னால மாத்த முடியாது” என்றார். “மத்த ஒன்பதுல தேறிட்ட. இவ்வளவு கேள்விக்கு யாரும் இங்க பதில் சொன்னதில்ல.”

பட்டம் கிடைத்துவிட்டது. உனைசி காத்திருந்த சந்தோஷம் வரவில்லை. செமேசா பிரிஸ்பேனுக்கு விமானம் ஏற வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. இன்று அவள் பேசியது பேச்சில் சேர்த்தியா, இல்லையா? யாரிடம் கேட்பது?

“உங்களுக்கு வேற ஏதாவது கேக்கணுமா?” என்றார் க்ரேவன், செமேசாவிடம்.

அவர் மேசைமேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கேக்க ஒண்ணுமில்ல. ஒண்ணு சொல்லணும். அந்தக் கயிறு ஒரு மாசமாவே நைஞ்சுதான் கிடந்தது. நான் பார்த்தேன். மாத்தணும்னு நினைச்சேன், மாத்தல. அவ்வளவுதான். சொல்லிடுங்க.”

“கயிறா? எந்தப் பக்கத்துல வருது?” க்ரேவன் திட்டத்தைப் புரட்டினார்.

“அதுல இல்ல. நீங்க சொல்லுங்க.”

க்ரேவன் தோளைக் குலுக்கிவிட்டு உனைசியிடம் திரும்பினார். இந்த வேலை பழகிவிட்டது. “கயிறு ஒரு மாசமாவே நைஞ்சு கிடந்துச்சாம். அவர் பார்த்தாராம். மாத்தலையாம்.”

உனைசி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கண்களும் பொங்கி வழிந்தன. பதின்மூன்று வருடப் பயம் ஒரேயடியாக இறங்கியது. க்ரேவன் பதறி எழுந்து, “என்ன ஆச்சு? தேறிட்டன்னுதானே சொன்னேன்!” என்றார்.

“டாக்டர்,” என்றாள் உனைசி, முகத்தைத் துடைக்காமலே. “கை இப்பவும் வலிக்குதான்னு கேளுங்க.”

க்ரேவன் கேட்டார்.

“மழை பெஞ்சா மட்டும்” என்றார் செமேசா, ஜன்னலைப் பார்த்தபடி. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.