இருபதாம் தேதி அச்சுக்குப் போன நன்றி

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவன் நான். சொன்னதோடு நிற்காமல் அதை என் மனைவியின் படத்தோடு அச்சிலும் ஏற்றினேன்.

பாலா நகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் பங்குக் கோயில். பங்கின் மாத இதழைப் பன்னிரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கடைசிப் பக்கம் நன்றி அறிவிப்புகளுக்கானது. வேண்டியது கிடைத்தால் இதழில் போடுகிறேன் என்று, கைவிட்ட காரியங்களுக்கான புனிதர் யூதாவிடம் நேர்ந்துகொள்வது இங்கே வழக்கம். கிடைக்கும் முன்பே யாராவது எழுதிக்கொண்டு வந்தால், "கல்யாணம் முடியட்டும், அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். கறாரான ஆள் என்று பெயர்.

2.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

'வர்க்கி என்று ஒருவன். அவன் மனைவிக்கு மார்பில் புற்று. எட்டு மாத சிகிச்சையின் கடைசி நாளில் அவள்'

அடித்துவிட்டேன். வர்க்கி என்னைவிட நல்லவனாக இருந்தான். அவன் அழவே இல்லை. யாருக்கு வேண்டும் அவன்? என் பெயர் குருவிளா. மனைவி ஏலிக்குட்டி. நான் ஆஸ்பத்திரியில் வண்டிகள் நிற்கும் இடத்தில் நின்று அழுதேன். [முந்தைய வடிவத்தில் அப்போது மழை பெய்தது. உண்மையில் பெய்யவில்லை.]

3.

பங்கில் எங்கள் வார்டில் இருபத்திரண்டு வீடுகள். ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் ஏலி படுத்துக்கிடந்த நாட்களில் முறைவைத்துச் சாப்பாடு அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுத் திரேசியா சேடத்தியின் முறை; மூத்த பெண்களை எங்கள் பக்கம் சேடத்தி என்போம். எழுபது வயது. ஏலிக்குக் குணமாகும்வரை மீன் தொடமாட்டேன் என்று விரதம் எடுத்திருந்தாள்.

"கஞ்சியும் பயறும்தான்டா. நான் மீனை விட்டுட்டேன், நீ மட்டும் திங்கலாம்னு பாக்கிறியா?" என்று கேரியரை என் கையில் திணிப்பாள்.

ஏலி ஒருமுறைகூடக் கேரியரை வெறுமனே திருப்பி அனுப்பியதில்லை. எழுந்து நிற்க முடியாத நாளிலும் படுக்கையிலிருந்தே என்னைக் கூப்பிட்டுச் சொல்வாள்: "இச்சாயா, கொல்லையில ஒரு நாரத்தங்காயாவது பறிச்சுப் போடுங்க. வெறும் பாத்திரம் போனா சாவு வீடுன்னு நினைச்சுக்குவாங்க."

(அடிக்குறிப்பு: சேடத்தி வீட்டில் இப்போது நாலு பரணி நிறைய நாரத்தங்காய் ஊறுகாய் இருக்கிறது.)

4.

கடைசிக் கீமோவும் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு தெரிவது இருபத்து நான்காம் தேதி. இதழ் அச்சுக்குப் போவது இருபதாம் தேதி.

"போட்டுடுடா குருவிளா," என்றாள் சேடத்தி. "முன்னாடியே நன்றி சொல்லிட்டா புனிதருக்கு வேற வழி கிடையாது. அச்சுல வந்ததை அவர் மாத்துவாரா?"

சிரித்தேன். போட்டேன். 'பூரண குணம் பெற்றதற்கு நன்றி. ஏலிக்குட்டி குருவிளா.'

இருபத்து நான்காம் தேதி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கல்லீரலில் மூன்று இடம். இனி வலிக்கு மட்டும் மருந்து போதும் என்றார். எவ்வளவு நாள் என்று ஏலிதான் கேட்டாள். மழைக்காலம் தொடங்கும்வரை என்றார். அப்போது தை மாதம்; எங்கள் பக்கம் மழை வைகாசிக் கடைசியில் தொடங்கும்.

ஞாயிற்றுக்கிழமை இதழ் வந்தது. பூசை முடிந்ததும் பெண்கள் ஏலியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் ஒவ்வொருத்தி முதுகையும் தட்டிக்கொடுத்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன், கோழை. அன்று மத்தியானம் சேடத்தி கேரியரில் குடம்புளி போட்ட மீன்கறியோடு வந்தாள்.

"எடி ஏலி, எட்டு மாசத்துக்கு அப்புறம் என் வீட்டுல மீன் வாசம். முதல் துண்டு உனக்குத்தான். தின்னுடி!"

ஏலி தின்றாள். பிறகு பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். அந்தக் கேரியர் கழுவிக் கவிழ்த்தபடி ஒன்பது நாளாக எங்கள் அடுக்களையில் இருக்கிறது.

5.

இந்த இடத்தில் கதை நகர மறுக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். அவுசேப்பு.

எங்கள் பங்கைச் சேர்ந்தவன். ஆறு வருடத்துக்கு முன், தன் மனைவியைப் புதைத்த மறுவாரம் ஒரு காகிதத்தோடு வந்தான். கூட இருந்தவர்களுக்கெல்லாம் ஒரு நன்றி போட வேண்டும் என்றான். "என்ன வேண்டுதல் நிறைவேறிச்சு?" என்று கேட்டேன். அவன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் பார்க்கவில்லை. இப்போது அதற்காக எதையும் கொடுப்பேன்.

6.

முடிவு ஒன்று: அடுத்த இதழில் திருத்தம் போடுகிறேன். [முடியாது. எப்படி எழுதுவது? 'பூரண குணம் என்பதைப்']

முடிவு இரண்டு: ஸ்கேன் வேறு யாருடையதோ. [இதை மூன்று நாள் எழுதினேன். மூன்று நாளும் நன்றாகத் தூங்கினேன்.]

முடிவு மூன்று, இன்று காலை நடந்தது. "சேடத்திகிட்ட எப்படிச் சொல்றது ஏலி? அவங்க விரதம் வீணாப் போச்சுன்னா?" என்றேன்.

"எது வீண்? செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நான் சாப்பிட்டேனா இல்லையா? சாகப்போறவ நன்றி சொன்னா உங்க பத்திரிகையில எடுத்துக்க மாட்டீங்களோ?" மூச்சு வாங்கினாள். "எனக்குப் பயமா இருக்கு இச்சாயா. இன்னும் நாலு மாசம் அவங்க முன்னாடி சிரிச்சுக்கிட்டே இருக்க என்னால ஆகாது. அந்தக் கேரியரைக் கொண்டுபோய்க் குடுங்க."

"உள்ள என்ன வைக்க?"

"அதை நீங்களே முடிவு பண்ணுங்க. எல்லாத்தையும் நானே சொல்லணுமா?"

எனக்கும் பயமாக இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

7.

சேடத்தியின் வாசலில் நிற்கிறேன். கையில் கேரியர். நாரத்தங்காய் என் சட்டைப் பையில் கனக்கிறது. கேரியருக்குள் அதைப் போட்டால் சேடத்தி சிரிப்பாள், இன்று மத்தியானமும் மீன் வாங்குவாள். போடாவிட்டால் நான் வாயைத் திறக்கவே வேண்டாம், மூடியைத் தூக்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிடும். நாளைக்கே மறுபடி கஞ்சி வரும்.

"என்னடா மரமாட்டம் நிக்கிற? உள்ள வா. என்ன குடுத்து விட்டிருக்கா உன் பொண்டாட்டி?"

கையைத் துடைத்துக்கொண்டே வருகிறாள். இன்னும் நாலு படி. பன்னிரண்டு வருடம் பிறர் நன்றியைத் திருத்தியவனுக்குத் தன்னுடையதை எழுதி முடிக்கத் தெரியவில்லை. இதைப் படிக்கிற நீங்கள் பிடியுங்கள் கேரியரை. நாரத்தங்காயையும் தருகிறேன். சீக்கிரம், அவள் இறங்கிவிட்டாள்.