செல்லப்பாண்டி கேட்ட ரிப்போர்ட்

செல்லப்பாண்டி போன்ற தியாகிகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் புருஷனை எச்.ஐ.வி.க்குப் பறிகொடுத்து, தானும் அதே கிருமியோடு நின்ற பேராச்சியை அவன் தெரிந்தேதான் கட்டினான். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு நாளாவது அதைச் சொல்லிக் காட்டாமல் இருந்ததில்லை. கிருமி விஷயத்தை மட்டும் மறைத்துவிட்டு, விதவைக்கு வாழ்வு கொடுத்தவன் என்று தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் சங்கத்தில் பொன்னாடையும் போர்த்திக்கொண்டான்.

நான் முத்துமாரி. வீடு தாராவி லேபர் கேம்பில், வேலை கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து ஆராய்ச்சி மையத்தில். நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர். தம்பதியில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்து, அவர் தினமும் கிருமியை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை போட்டால் மற்றவருக்குப் பரவாது என்று உலகம் நிரூபித்தாகிவிட்டது. எங்கள் ஜனங்களிடமும் அப்படித்தானா என்று நாங்கள் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்க்கிறோம்.

இவர்களும் அதில் ஒரு ஜோடி. பேராச்சி கூலிக்கு முறுக்குச் சுடப் போகிறவள். எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றாலும் மாத்திரை நேரம் தவறமாட்டாள். மூன்று வருடத்தில் ஆறு தடவை ரத்தம் எடுத்தோம். ஆறு தடவையும் கிருமி கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது.

மூன்றாவது வருடக் கடைசியில், அதுவரை நெகட்டிவாக இருந்த செல்லப்பாண்டிக்குப் பாசிட்டிவ் வந்தது. இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். அவன் முகத்தில் துக்கத்தை விட அவசரம்தான் தெரிந்தது.

"இவகிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதித் தாங்க மேடம். சங்கத்துல வைக்கணும். இவள ஊருக்கு அனுப்பிரலாம்னு இருக்கேன்" என்றான்.

பேராச்சி பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இருவர் உடம்பிலும் உள்ள கிருமி ஒரே வம்சம்தானா என்று ஒப்பிடும் சோதனை ஒன்று உண்டு. மருந்து தொடங்கும் முன் பேராச்சியிடம் எடுத்த ரத்தம் எங்களிடம் பத்திரமாக இருந்தது. செல்லப்பாண்டி ஆனந்தமாகக் கையெழுத்துப் போட்டான். வீட்டில் நோயாளி ஒருத்திதான், ரத்தம் வேறு என்ன சொல்லிவிடும் என்பது அவன் கணக்கு. அந்த மூளையை வைத்துக்கொண்டுதான் ஒரு பெண்ணுக்கு வாழ்வு கொடுத்தானாம்.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. இரண்டு கிருமிக்கும் சம்பந்தமே இல்லை. அவன் வேறெங்கோ போய் வாங்கி வந்திருக்கிறான்.

எங்கள் தலைமை டாக்டர் ஜெயராமுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அப்பாடா! நம்ம டேட்டா தப்பிச்சுது, முத்துமாரி" என்று காபிக்குச் சொல்லி அனுப்பினார்.

"பேராச்சி கிட்ட சொல்லலாமா சார்? அவள வீட்ட விட்டுத் தொரத்தப் பாக்காங்க."

"அதெப்படி? ரெண்டு கிருமியையும் ஒப்பிட்ட லிங்கேஜ் ரிசல்ட்டை ஆய்வுல இருக்கவங்களுக்குக் குடுக்கப்படாதுன்னு அவங்க கையெழுத்துப் போட்ட ஃபார்ம்லயே இருக்கே. எதிக்ஸ் கமிட்டி என்னைச் சும்மா விடுமா?"

அந்த ரத்தம் அவருக்கு ஆராய்ச்சிக் கட்டுரையாகும். கொடுத்தவள் மட்டும் பழியோடு ஊர் போய்ச் சேர வேண்டுமாம். இதற்குப் பெயர் எதிக்ஸ்! காபியைத் தொடாமல் வெளியே வந்தேன். ஆனால் பேராச்சியின் சொந்த ரிப்போர்ட் அவளுடையதுதானே. அவள் கேட்டாள், ஆறையும் அச்செடுத்துக் கொடுத்தேன். கூட வரச் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குப் போனேன்.

செல்லப்பாண்டி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் அங்கே அவிழ்த்துவிட்டிருந்தான். "வாழ்வு குடுத்தேன், சாவக் குடுத்துட்டா" என்று மூக்கைச் சிந்தினான். பன்னிரண்டு ஆண்கள் 'உச்' கொட்டினார்கள். பேராச்சி உட்கார ஒரு நாற்காலி கொடுக்க அவர்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

தலைவர் சுடலைக்கண்ணன் அவள் நீட்டிய தாள்களைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல என்னம்மா போட்டிருக்கு?"

"அவ ரத்தத்துல கிருமி பரவுற அளவுக்கு இல்லைன்னு போட்டிருக்கு அண்ணாச்சி. மூணு வருசமா, ஆறு தடவையும்."

செல்லப்பாண்டியின் ரத்தத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. விட வேண்டியும் வரவில்லை.

"அப்ப ஒனக்கு எங்க இருந்துல வந்துச்சு?" என்று அவனிடம் திரும்பினார் சுடலைக்கண்ணன்.

தியாகி தரையைப் பார்த்தான். காது வரைக்கும் வேர்த்தது.

இவ்வளவு நேரம் அவளை ரயிலேற்றத் துடித்த கூட்டம் உடனே தொண்டையைச் செருமிக்கொண்டது. சுடலைக்கண்ணனின் குரல் தேனாக இறங்கியது.

"சரி, ஆம்பளைன்னா அப்பிடி இப்பிடித்தான் இருப்பான். இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே சீக்குதான? ஒண்ணா அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போங்கம்மா."

எனக்கு நாக்கு வரைக்கும் வசவு வந்துவிட்டது. பேராச்சி என் கையைப் பிடித்து அடக்கினாள். தாள்களை அவரிடமிருந்து வாங்கி மடித்துக்கொண்டாள்.

"மூணு வருசமா ஒரு நா தவறாம முழுங்குனேன் அண்ணாச்சி. இவருக்கு வந்துரக் கூடாது, இவருக்கு வந்துரக் கூடாதுன்னு சாமி கும்புட்டுக்கிட்டே முழுங்குனேன். இனிமே எனக்காவ முழுங்கிக்கிடுதேன். இவர நீங்க கூட்டிட்டுப் போயி வேற எடம் பாத்துக் குடுங்க."