புதன்கிழமைக் கன்டீன் மேசை

கல்முனைக் கடைத்தெருவில் யாராவது கதைத்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் எழுந்து போனால் ஸம்றாவுக்குக் கோபம் வருவதில்லை. சிரிப்புத்தான் வரும். பதினைந்து வருடங்களுக்கு முந்திய பஸாலின் முகம் நினைவில் வந்துவிடும்.

இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் அவளும் பஸாலும் பாண்டிருப்பு சுஜிந்தனும் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் வகுப்பில் ஒன்றாகப் படித்தார்கள். படம் கீறுவதில் பஸாலை மிஞ்ச அங்கே ஆளில்லை. ஆனால் யாரோடும் கதைக்கமாட்டான். கதைத்தால் எந்த வாய்க்காலில் எத்தனை மதகு என்பதைச் சொல்வான். சொல்லி முடித்ததும் எதிரே இருப்பவர் வாய் திறக்குமுன் எழுந்து போய்விடுவான்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்காகக் கதைத்தது அவனுடைய உம்மா ஜுனைதா. கடைக்காரர் கேட்டாலும் வாத்தியார் கோபித்தாலும் அவர்தான் முன்னால் நின்று பதில் சொல்வார். அவனுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, சுனாமி வந்த அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை கடல் அவரைக் கொண்டுபோயிற்று.

விரிவுரையாளர் றபீக்கா மிஸ் சுனாமி முகாம்களில் பிள்ளைகளோடு வேலை செய்தவர். ஓட்டிசம் என்ற சொல்லை அங்கே வந்த ஒரு டொக்டரிடம் கேட்டு, தேடிப் படித்து வைத்திருந்தார். ஒருநாள் ஸம்றாவையும் சுஜிந்தனையும் கூப்பிட்டார்.

"பஸாலுக்கு இது நோயோ வருத்தமோ இல்ல. ஆக்களோட பழகுற விதம் நமக்குத் தானா வந்த மாதிரி அவனுக்கு வரல்ல. பழக்கினா வரும். புதன்கிழமை பின்னேரத்தில அவனோட கன்டீன்ல இரிப்பீங்களா?"

"ஓம் மிஸ்," என்றான் சுஜிந்தன். ஸம்றா தலையாட்டினாள்.

அவனுக்குப் பழக்கவேண்டியதை எழுதி மிஸ் ஒரு தாள் கொடுத்தார். முதல் வரியே, கதைப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது. மூன்று புதன்கிழமைகள் முயன்றார்கள். பஸாலுக்கு வியர்த்து வழிந்ததுதான் மிச்சம். நாலாவது வாரம் அவனே சொன்னான்:

"கண்ணப் பாத்தா எனக்குக் கதை கேக்குதில்ல. ஒண்டுதான் செய்யேலும்."

ஸம்றாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அவனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. அந்த வரியை வெட்டி, 'சட்டைப் பட்டனைப் பார்' என்று எழுதினாள். பிறகு எல்லாம் கொஞ்சம் இலகுவாயிற்று. பிளேன்டீ வாங்கப் பழகினான். எழுந்து போகுமுன் "சரி, நான் போயிட்டு வாறன்" என்று சொல்லப் பழகினான். சுஜிந்தன் பகிடி விட்டால், "இது பகிடியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தான்.

ஆமி மறித்து விசாரிக்கும் செக் பொயின்ற்தான் அவனுக்குப் பெரிய பயம். பெயர் கேட்டதும் பதில் சொல்லாமல் விரல்களை உதறிக்கொண்டு நின்றதால் ஒருதடவை அவனை மத்தியானம்வரை மறித்து வைத்திருந்தார்கள். அதனால் சுஜிந்தன் ஆமிக்காரனாக மேசைக்குப் பின்னால் நின்று குரலை உயர்த்திக் கேட்க, பஸால் சொல்லவேண்டியதை நாற்பது ஐம்பது தடவை சொல்லிப் பார்த்தான்.

வடக்கில் யுத்தம் உச்சத்தில் இருந்த பெப்ரவரியில் ஒருநாள், வீடு திரும்பும் வழியில் மூவரும் வந்த பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். பஸால் வரிசையில் போய் ஆமிக்காரரின் பட்டனைப் பார்த்தான்.

"என்ட பேர் பஸால். மருதமுனை. படிக்கிறன். இது என்ட ஐசி. நான் கண்ணப் பாக்கமாட்டன் சேர், அது மரியாத இல்லாம இல்ல."

ஆமிக்காரர் ஒரு கணம் அவனையே பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் ஸம்றா பார்த்தாள்: அடையாள அட்டையைக் காலையில் போட்டோகொப்பிக் கடையில் விட்டுவிட்டு வந்த சுஜிந்தனை ஒரு மரத்தடியில் தனியாக நிறுத்தியிருந்தார்கள். தமிழ்ப் பெடியன், கையில் அட்டை இல்லை. அந்த நாட்களில் அப்படிக் கொண்டுபோகப்பட்ட பலர் திரும்பி வரவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸுக்குத் திரும்பியவர்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவளும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

பஸால் மரத்தடிக்கு நடந்தான்.

"சேர், இவன் சுஜிந்தன். என்ட கூட்டாளி. புதன்கிழமையில என்னோட கன்டீன்ல இரிக்கிறவன். இவன் இல்லாம நான் பஸ்ஸில ஏறமாட்டன்."

இதை யாரும் அவனுக்குப் பழக்கவில்லை. அவன் விரல்களை உதறிக்கொண்டிருந்தான், ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. அதைப் பார்த்து ஸம்றாவும் போய்ப் பக்கத்தில் நின்றாள். ஆமியில் மேலதிகாரி ஒருவர் வந்து மூவரின் வகுப்புக் கொப்பிகளையும் வாங்கி, ஒரே வகுப்பின் பெயர் இருந்ததைப் பார்த்தார். "போ, போ," என்று கையைக் காட்டினார்.

பஸ்ஸில் பஸால் காதுகளைப் பொத்திக்கொண்டான். பிறகு ஒரு வாரம் கல்லூரிக்கு வரவில்லை.

அடுத்த புதன்கிழமை இருவரும் சுனாமி வீட்டுத்திட்டத்திலிருந்த அவனுடைய வீட்டுக்குப் போனார்கள். அவனுடைய வாப்பா கதவைத் திறந்தார். பஸால் படம் கீறும் பலகைக்கு முன்னால் இருந்தான்.

"எனக்குக் கதை முடிஞ்சிட்டு," என்றான். "சும்மா இரிப்பமா?"

இருந்தார்கள். சுனாமியில் ஸம்றா வீட்டிலும் மூன்று பேர் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு அமைதி என்றாலே அவளுக்குப் பயம்; வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டே திரிந்தாள். அன்று பென்சில் உரசும் சத்தத்தையும் தூரத்துக் கடலையும் கேட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் பேசாமல் இருந்தாள். பயம் வரவில்லை.

மே மாதம் யுத்தம் முடிந்தது. சுஜிந்தன் கனடா போனான். பஸால் நீர்ப்பாசன வேலைகளுக்குப் படம் கீறுகிறான். ஸம்றாவுக்கு மூன்று பிள்ளைகள், வீடு நிறையச் சத்தம். எப்போதாவது அசர் தொழுதுவிட்டு எழும்போது பஸால் வீட்டில் சும்மா இருந்த அந்தப் பின்னேரம் நினைவில் வரும். இன்னும் கொஞ்ச நேரம் அங்கே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.