மணிக்கட்டில் எழுதிய பெயர்

மேரேயின் மகள் பெயரை யாரும் சுருக்கிக் கூப்பிடக் கூடாது. செரெமதாகா என்றால் செரெமதாகாதான். மேரேயின் கணவன் ஜோபே ஒருமுறை அவசரத்தில் "செரெ, இங்க வா" என்று கூப்பிட்டுவிட்டு, அன்று தேங்காய்ப்பாலில் வெந்த மீனில் வீட்டுத் தலைவனுக்கு உரிய தலைப் பகுதியை இழந்தான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

எங்கள் தீவு மொழியில் செரெ என்றால் பாட்டு. மதாகா என்றால் காலை. இரண்டும் எல்லோர் வாயிலும் தினமும் புழங்குகிற சொற்கள். அவற்றைச் சேர்த்து ஒரு பெண் குழந்தைக்குப் பெயராக்கலாம் என்று மேரேக்கு முன் யாருக்கும் தோன்றியதில்லை. பிரசவ அறை ஜன்னலுக்கு வெளியே தேவாலயத்தில் காலைப் பாட்டு தொடங்கியபோது குழந்தை பிறந்தது. பாட்டு முடிவதற்குள் மேரே பெயரை முடிவு செய்திருந்தாள்.

மேரே என்று கூப்பிட்டால் எங்கள் கடற்கரையில் வீட்டுக்கு ஒருத்தி திரும்பிப் பார்ப்பாள். பள்ளியில் அவளைப் 'பெரிய பாதம் மேரே' என்றார்கள், மற்ற மேரேக்களிடமிருந்து பிரித்துக் காட்ட. தேசிய ரக்பி அணியில் சேர்ந்த பிறகும் அங்கே இன்னும் இரண்டு மேரே இருந்தார்கள். தன் மகளை யாரும் பாதத்தையோ பல்லையோ சேர்த்து அடையாளம் சொல்லக் கூடாது என்பது அவளுடைய பிடிவாதம்.

முதல் குழந்தைக்குப் பெயர் தகப்பன் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். முறைப்படி அது ஜோபேயின் அக்கா கேலெராவின் பெயராக இருந்திருக்க வேண்டும். சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கும் கேலெரா பிரசவத்தின்போது கூடவே இருந்தவள். ஜோபே வீட்டுப் பெரியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது அவளே எழுந்து, தன் பெயர் எங்கேயும் ஓடிப்போகாது, இந்தப் பெயரையே வைக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். விட்டுக்கொடுத்ததை அன்றிலிருந்து வாரம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டுகிறாள். நாத்தனார் உறவில் கேலி செய்ய உரிமை உண்டு. அந்த உரிமையில் ஒரு துளியையும் கேலெரா வீணாக்கியதில்லை.

செரெமதாகாவுக்கு இரண்டு வயதானபோது அணி வெளிநாட்டுப் போட்டிக்குப் போனது. மற்ற பெண்கள் மணிக்கட்டில் சுற்றிய வெள்ளை டேப்பின் மேல் வேத வசன எண்களை எழுதிக்கொண்டார்கள். மேரே மகளின் பெயரைக் கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதினாள். நீளமான பெயர். மணிக்கட்டை முழுதாகச் சுற்றி வந்து, முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் நாடி துடிக்கும் உள்பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டன. அரையிறுதியில் மூன்று பேரை ஏமாற்றி ஓடி, கோட்டுக்கு அப்பால் பந்தோடு விழுந்து ட்ரை வைத்தவள், எழுந்து நின்று மணிக்கட்டை உதட்டில் அழுத்தி முத்தமிட்டாள். கேமரா அருகில் வந்தது. அந்தப் படம் தீவுக்குத் தீவு எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது.

அடுத்த வருடம் தொடங்கியபோது கேலெரா வேலை முடிந்து நேராகத் தம்பி வீட்டுக்கு வந்தாள்.

"ஏண்டி மேரே, உன் பொண்ணு பேரு தவேயுனித் தீவுல நல்லா விளையுதாமே. அங்க இருக்கிற நர்ஸ் போன் பண்ணினா. பொறக்கிறதெல்லாம் உன் கையில இருந்த பேராம்."

"மதினி, விளையாடாதீங்க."

"நான் எங்கடி விளையாடறேன்? விளையாடினதும் நீ, முத்தம் குடுத்ததும் நீ."

மேரே உரித்துக்கொண்டிருந்த சேப்பங்கிழங்கைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அவள் காதில் விழுந்தது இதே செய்திதான். சவுசவு ஊர்ச் சந்தையில் மீன் விற்பவளின் தங்கை மகளுக்கு. படகோட்டியின் பேத்திக்கு. எல்லோரும் அவளை மகிழ்விப்பதாக நினைத்தே சொன்னார்கள். பெயரை யாரும் திருப்பிச் சொல்லவில்லை. சொந்தக்காரியிடமே எதற்குச் சொல்வது? இன்னும் நாலு வருடத்தில் பள்ளியில் 'சின்ன செரெமதாகா', 'பல் செரெமதாகா' என்று ஒரு வரிசை நிற்கும் என்று மேரே கணக்குப் போட்டாள்.

"பேரு என்ன தேங்காயா, ஒருத்தர் எடுத்தா ஒண்ணு குறையறதுக்கு?" என்றான் ஜோபே.

"உங்க கொப்பரை ஆலையில ஜோபேன்னு கூப்பிட்டா எத்தனை பேரு திரும்பறீங்க?"

"எல்லாரும் திரும்புவோம். அதனாலதான் வேலை செய்யாம நின்னது எந்த ஜோபேன்னு மேஸ்திரிக்கு இன்னிவரைக்கும் தெரியாது."

அவள் சிரிக்கவில்லை.

எங்களிடையே ஒரே பெயர் கொண்ட இருவர் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'யதா' என்பார்கள். உடன்பிறப்பைவிட ஒரு படி மேலான உறவு அது. யதா வீட்டில் யதாவுக்கு முதல் பங்கு. ஒருவர் பெயரைக் குழந்தைக்கு வைத்தால், அந்தக் குழந்தையை அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஆகவே யாராவது ஒருநாள் வந்துதான் தீர வேண்டும்.

வந்தவர்கள் தவேயுனிக்காரர்கள். தீதிலியா என்ற இளம் தாய், அவள் கைக்குழந்தை, மாமனார் வெரேனிகி. கப்பலில் கடலைத் தாண்டி வந்த களைப்பு மூவர் முகத்திலும் இருந்தது. தீதிலியாவின் தோளில் ஒரு பெரிய தாழம்பாய்ச் சுருள். ஜோபே அவர்களை உள்ளே உட்காரவைத்தான். பெண்கள் வழக்கம்போல வாசல் பக்கம் அமர்ந்தார்கள். மேரேயின் மடியில் செரெமதாகா இருந்தாள், பக்கத்தில் கேலெரா. வெரேனிகி முறைக் காணிக்கையான யங்கோனா வேர்க்கட்டை இரு கைகளாலும் முன்னால் வைத்துத் தலை தாழ்த்திப் பேசத் தொடங்கினார். அந்தப் பேச்சுக்கு நடுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

"இந்த வீட்டுல ஒரு பேரு இருக்கு. அந்தப் பேரு கடலைத் தாண்டி எங்க வீட்டுக்கு வந்துச்சு. இன்னிக்கு எங்க ரெமதா, உங்க ரெமதாவைப் பார்க்க வந்திருக்கா."

காணிக்கையை ஏற்கும் அடையாளமாகக் கைகுவித்துத் தட்டத் தயாராக இருந்த ஜோபேயின் கைகள் பாதியில் நின்றன. கேலெரா துண்டின் முனையை வாயில் அழுத்திக்கொண்டாள். முதியவர் அந்தப் பெயரை இன்னும் இரண்டு தடவை, மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

மேரேயின் இடது கை விரல் தானாகவே வலது மணிக்கட்டைச் சுற்றி ஊர்ந்தது. வெளிப்பக்கத்தில் ரெ, ம, தா. உள்பக்கத்தில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும். அவை இரண்டும் அவளுடைய உதட்டுக்கு அடியில் இருந்திருக்கின்றன. கேமரா பார்த்தது நடுப்பகுதியை மட்டும்.

பந்து கையில், எதிரே ஒருவரும் இல்லை என்று தெரிகிற கணம் போல இருந்தது அவளுக்கு. பெயர் பத்திரமாக இருக்கிறது. உலகத்தில் ஒரே ஒரு செரெமதாகா, இதோ மடியில். ஜோபே அவளை ஓரக்கண்ணால் பார்த்தான்; பேசாமல் இரு என்றது அந்தப் பார்வை. பெயரைச் சொல்லாமலே, தேடி வந்த அன்புக்கு நன்றி கூறி வேரை ஏற்றுக்கொண்டான். கைதட்டல் முடிந்தது. விஷயமும் அங்கேயே முடிந்திருக்கும்.

தீதிலியா பாயை விரித்தாள். ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கம்பளி நூல் குஞ்சம். அதற்கு மேலே நூலாலேயே தைத்த பெயர்: ரெமதா.

"அக்கா, இதுக்கு அர்த்தம் என்னக்கா? எங்க போதகர் பழைய ஏற்பாட்டுல இருக்குன்னு சொல்லி ஞானஸ்நானம் குடுத்தார். எந்த அதிகாரம்னு கேட்டேன், இன்னும் தேடிக்கிட்டு இருக்கார். பெரியவளானா என்கிட்ட கேப்பாளே."

ஏதாவது ஒரு அர்த்தம் சொல்லி அனுப்பிவிட முடியும் என்று மேரேக்குத் தெரியும். பாயில் தைத்திருந்த எழுத்துகளை விரலால் தடவினாள். நெருக்கமான, சீரான தையல். வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்து போட்ட தையல்.

"என் பொண்ணு பேரு செரெமதாகா," என்றாள்.

ஒரு முறைதான் சொன்னாள். முதியவர் மருமகளைப் பார்த்தார். தீதிலியா பாயைப் பார்த்தாள், பிறகு குழந்தையை.

"அப்போ இவங்க ரெண்டு பேரும் யதா இல்லையா?"

கேட்டுவிட்டு, குழந்தையின் போர்வையைச் சரிசெய்வதுபோல மெல்ல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பாயைத் திரும்பச் சுருட்டவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. இத்தனை நாள் இந்தப் பெயரில் வேறு யாரும் வேண்டாம் என்று நினைத்த மேரேக்கு, இவர்கள் எழுந்து போய்விடக் கூடாதே என்று இருந்தது.

மகளை இறக்கிவிட்டு எழுந்து போய், விளையாட்டுப் பையிலிருந்து டேப்பையும் மார்க்கரையும் எடுத்து வந்தாள். மணிக்கட்டில் சுற்றிப் பெயரை எழுதிக் கையைத் தீதிலியாவிடம் நீட்டித் திருப்பினாள்.

"இங்க பாரு. உன் பொண்ணு பேரு என் பொண்ணு பேருக்குள்ள உக்காந்திருக்கு. 'ரெ', பாட்டு முடியற இடம். 'மதா', காலை ஆரம்பிக்கிற இடம். பாட்டு முடிஞ்சு காலை ஆரம்பிக்குது, அதுதான் அர்த்தம். அவ கேட்டா இதைச் சொல்லு. போதகர்கிட்டயும் சொல்லிடு, பாவம், தேட வேண்டாம். இப்படி ஒரு பேரு இன்னொரு பேரைச் சுமந்துக்கிட்டு இருந்தா அது யதா இல்லாம என்ன?"

தீதிலியா உதடசைத்து இரண்டு பெயர்களையும் சொல்லிப் பார்த்தாள்.

"என் பேரை வச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்ல," என்றாள் கேலெரா. "சின்னப் பேரு. கேமராவுக்கு அழகா அடங்கியிருக்கும்."

முதலில் சிரித்தவர் வெரேனிகி. செரெமதாகா பாயில் ஓடிப் போய்க் குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டினாள். இது யார் என்று ஜோபே கேட்டதற்கு, "யதா" என்றாள். அன்று மீனின் தலைப் பகுதி தீதிலியாவின் தட்டுக்குப் போனது.

அடுத்த போட்டிக்கு மேரே பை கட்டியபோது, இந்த முறை சின்ன எழுத்தாக எழுதினால் முழுப் பெயரும் வெளியே தெரியுமே என்று ஜோபே யோசனை சொன்னான்.

"வேண்டாம், பெருசாவே எழுதறேன்," என்றாள். "வெளிய தெரியறது அவங்களுக்கு. உள்ள இருக்கிற ரெண்டு எழுத்து என் பொண்ணுக்கு."