சோபாக் கடைக் கச்சேரி

ஒரு ராக் குழுவுக்கு 'ஈரத்துணி' என்று பெயர் வைப்பதற்கு நெஞ்சில் கொஞ்சம் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் குழுவில் இருந்த மூன்று பேருக்குமே தேவைக்கு அதிகமாக இருந்தது. டிரம்ஸ் வாசித்தவள் ஒரு சலவைக் கடையை நடத்துகிறவள். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடியவன் அவளுடைய தம்பி. மொபைல் கடையில் உடைந்த திரைகளை மாற்றுகிறவன். பேஸ் கிட்டார் ஒரு பல் டாக்டர் கையில். சலவைக் கடையின் பின்னறையில்தான் ஒத்திகை என்பதால் அந்தப் பெயர். "பேரக் கேட்டாலே தடுமன் புடிக்குது" என்று அவள் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்குக் கச்சேரி ஒரு சோபாக் கடையின் மாடியில். கடையின் ஆண்டு விழா, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மேடை என்று ஒன்று இல்லை. நாலு கட்டில்களை நகர்த்திவிட்டு ஒரு கம்பளத்தை விரித்திருந்தார்கள். விற்பனைக்கு வைத்திருந்த சோபாக்களிலேயே கூட்டம் உட்கார்ந்திருந்தது. உறையைப் பிரிக்கக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், யார் அசைந்தாலும் பிளாஸ்டிக் சரசரத்தது. ஒரு பெரியவர் மெத்தையைச் சோதித்துப் பார்க்கிற சாக்கில் படுத்தே விட்டார்.

அவள் டிரம்ஸைப் பூட்டிக்கொண்டிருந்தபோது தம்பி பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தான். ரிதம் பெட்டி. பொத்தானை அமுக்கினால் அதுவே தாளம் போடும். சோறு கேட்காது, சண்டைக்கும் வராது.

"எதுக்குடா இது?"

"சும்மா ஒரு சேஃப்டிக்குக்கா."

"யாரோட சேஃப்டிக்கு?"

தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் கிட்டார் கம்பியை முறுக்கினான். "டாக்டர் வீட்டு மொட்டை மாடியில வாசிச்சோமே, என்ன ஆச்சு? தாளம் ஒரு பக்கம் போச்சு, பாட்டு ஒரு பக்கம் போச்சு. ரூம்ல நல்லாத்தான் வாசிக்கிற. வெளிய வந்தா உனக்குப் பதட்டம் வந்துடுது. இன்னைக்கும் அப்படி ஆச்சுன்னா இனிமே இந்தப் பெட்டியே வாசிக்கட்டும். நீ வந்து உக்காந்து கேளு. டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

பல் டாக்டர் அவசரமாகக் குனிந்து கையிலேயே இருந்த வயரைத் தரையில் தேடினார். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிற மனுஷன், தன் வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் மட்டும் இப்படித்தான்.

அவளுக்குச் சுருக்கென்றது. பதட்டமா, எனக்கா? கறை போகவில்லை என்று விரிப்பை மூஞ்சியில் ஆட்டுகிற ஹோட்டல் மேனேஜர்களையே ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள் அவள். வாரம் முழுக்க ஊரார் அழுக்கோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு ஒத்திகை நடக்கிற அந்த ஒரு சாயங்காலம்தான் சொந்தம். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து குச்சியைக் கையில் எடுத்தால்தான் அவளுக்குத் தான் யாரென்றே ஞாபகம் வரும். அதையும் ஒரு பெட்டிக்கு விட்டுக்கொடுப்பதா? தம்பியாக இல்லாமல் வேறு யாராவதாக இருந்திருந்தால் குச்சி பறந்திருக்கும்.

"வாசிச்சுட்டுப் பேசலாம்" என்று மட்டும் சொன்னாள்.

நாலு எண்ணி ஆரம்பித்தாள். முதல் பல்லவி முடிவதற்குள்ளேயே நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட கதை ஆகிவிட்டது. தம்பி முன்னால் ஓடினான். டாக்டர் பின்னால் இழுத்தார். இவள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கயிறு பிடித்தாள். தம்பிக்காக வேகத்தைக் கூட்டினால் டாக்டர் காணாமல் போனார், டாக்டருக்காகக் குறைத்தால் தம்பி திரும்பி முறைத்தான். ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, தப்பு நம்முடையதுதானோ என்று.

எதிரே ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோக்கள் வரிசையாக நின்றன. தற்செயலாக அவற்றில் ஒன்றைப் பார்த்தாள். முதுகு மட்டுமே காட்டி வாசிக்கிற இரண்டு பேரின் முகமும் முதல் தடவையாக அவளுக்குத் தெரிந்தது. இருவருமே தலையை இடது பக்கம் சாய்த்து எதையோ கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டரின் கால் தரைக்கு மேலே தொங்கியபடி எதற்கோ காத்திருந்தது. தம்பியின் காலும் அப்படியே. அவர்களுக்கு இடப்பக்கத்தில் இருந்தது ஒரு சாப்பாட்டு மேஜை. அது என்ன தாளம் போடும்?

பின்னறையில் அந்த இடத்தில் இருப்பது டிரையர்.

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. துணியைக் காயவைக்கிற அந்தப் பெரிய மெஷினின் அச்சு தேய்ந்து, சுற்றுக்கு ஒரு தரம் தடக்கென்று இடிக்கும். ஹோட்டல் விரிப்புகள் காலைக்குள் காய்ந்தாக வேண்டும் என்பதால் ஒத்திகை நடக்கும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பொழுதுக்கும் அதன் பக்கத்தில் நிற்பவளுக்கு அந்தச் சத்தம் கேட்காமல் போய்ப் பல காலம் ஆயிற்று. வாரத்துக்கு ஒருமுறை வந்து போகிற இவர்களுக்குத்தான் அது கேட்டிருக்கிறது. கேட்டது மட்டுமா, அதன் பின்னாலேயே இரண்டு பேரும் நடந்திருக்கிறார்கள். "காதல் பாட்டும் சண்டைப் பாட்டும் ஏன் ஒரே வேகத்துல போகுது?" என்று வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டபோது, 'அவருக்கு இசை ஞானம் போதாது' என்று மூன்று பேரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள்.

பாட்டு எப்படியோ முடிந்தது. இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள்; அதைவிட பிளாஸ்டிக் உறைகளின் சத்தம் பெரிதாகக் கேட்டது. மாடிப்படி ஓரம் நின்ற முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தம்பி குனிந்து ரிதம் பெட்டியின் வயரைச் சொருகினான்.

"கோச்சுக்காதக்கா. மிச்சப் பாட்டுக்கு இத வெச்சுக்கலாம்."

"வயரக் கழட்டு."

"அக்கா, ஜனங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். கழட்டு. நீங்க ரெண்டு பேரும் இத்தன நாளா டிரையரக் கேட்டு வாசிச்சிருக்கீங்க. என்னக் கேட்டதே இல்ல."

தம்பி சிரித்தான். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். இப்ப டிரையர் மேல பழியா?"

"அது இல்லாம நீ ஒரு பாட்டு ஒழுங்கா வாசிச்சிருக்கியா, சொல்லு. மொட்டை மாடியில டிரையர் இருந்துச்சா?"

தம்பி டாக்டரைத் திரும்பிப் பார்த்தான். பேசியது டாக்டர்.

"அக்கா சொல்றது சரிதான்" என்றார் மெதுவாக. "இப்பவும் அந்த தடக்குக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். வரவே இல்ல."

"ரெண்டு பேரும் திரும்புங்க" என்றாள் அவள். "என் கையப் பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க."

"கூட்டத்துக்கு முதுகக் காட்டச் சொல்றியா?" தம்பிக்கு நிஜமாகவே வலித்தது. கிட்டார் கற்றுக்கொள்வதற்கு முன்பே கண்ணாடி முன்னால் நின்று பாடுகிறவன் முகத்தைக் கற்றுக்கொண்ட பையன் அவன். "நான் பாடணும்க்கா."

"மைக்கத் திருப்பி வெச்சுப் பாடு. இல்லேன்னா பெட்டியப் போட்டுக்க, நான் கெளம்புறேன். எனக்குக் காயப்போட துணி நெறைய இருக்கு."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவன் பயந்தான். வயரைப் பிடுங்கினான், மைக் கம்பத்தைத் தூக்கினான், அவளுக்கு எதிரே வைத்தான்.

அடுத்தது சண்டைப் பாட்டு. தம்பியே எழுதியது. வீட்டு வாசலை மறித்து வண்டி நிறுத்துகிற ஒருவனைத் திட்டுகிற பாட்டு. அதை எழுதிக் காட்டிய நாளிலிருந்தே, இது இன்னும் துள்ளிக்கொண்டு ஓட வேண்டிய பாட்டு என்று அவள் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. ஏன் ஓட மறுக்கிறது என்றுதான் விளங்கவில்லை. இப்போது விளங்கியது. குச்சிகளை உயர்த்தி, இதுவரை எண்ணாத வேகத்தில் நாலு எண்ணினாள். தம்பியின் கண் அகன்றது. ஆனால் அவள் கையை விட்டு நகரவில்லை.

மூன்று பேரும் ஒன்றாக இறங்கினார்கள். கீழே பெரிய டிரம் இடிக்க, டாக்டரின் விரல் அதன் மேலேயே விழுந்தது. தம்பி ஒவ்வொரு வரியையும் அவள் மணிக்கட்டைப் பார்த்துத் தொடங்கினான். ஸ்டூல் முழுவதும் அவளே நிறைந்திருந்தாள். "தம்பி, மூஞ்சியக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுப்பா" என்று முதலாளி ஒருமுறை குரல் கொடுத்தார். தம்பி அசைந்து கொடுக்கவில்லை. படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து தொடையில் தட்டினார், தட்டும் சரியான இடத்தில் விழுந்தது. சோபாக்களில் ஜனம் ஆடிய ஆட்டத்தில் உறைகள் கிழிந்துவிடுமோ என்று முதலாளிக்குக் கவலை வந்திருக்க வேண்டும்.

கடைசி அடியில் மூவரும் ஒரே நொடியில் நின்றார்கள். கைதட்டல் வந்தது, இந்த முறை பிளாஸ்டிக் சத்தம் கேட்கவில்லை. டாக்டர் திரும்பிக் கும்பிட்டார். தம்பியும் திரும்புவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கைதட்டலுக்கு முகம் காட்டாமல் அவனால் இருக்க முடியாது.

அவன் திரும்பவில்லை. மூச்சு வாங்க, அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அடுத்த பாட்டு என்ன வேகம்க்கா?" என்றான்.