புத்தகத்தில் இல்லாத பெயர்

தொமாசாவின் புத்தக விழாவுக்குச் சில நாட்களே இருந்தபோது, பக்கத்து அறையில் இருந்த கோஞ்சா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது சமாதானப்படுத்தியிருக்கலாம். மொட்டைமாடித் தொட்டியில் துணி அலசிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், "நான் வரல" என்றாள்.

நான் ரமோனா. மெக்சிகோ நகரத்தில், நார்வார்தே பேட்டையில் இருக்கும் இந்தக் கட்டடத்தின் வாசலைப் பார்த்துக்கொள்பவள். கீழே படிக்கட்டுக்கு அடியில் என் அறை. உச்சியில், தண்ணீர்த் தொட்டிகளுக்கும் கேஸ் சிலிண்டர்களுக்கும் பக்கத்தில், வேலைக்காரப் பெண்களின் அறைகள். நடுவில் வீட்டுக்காரர்கள். அவர்களைப் பற்றி எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று இத்தனை காலம் மூடிவைத்திருந்தேன். இப்போது கிழவியாகிவிட்டேன், யார் என்ன செய்துவிடப்போகிறார்கள்?

தொமாசா புவேப்லா மலைப்பக்கத்துக்காரி. மூன்றாம் மாடி எல்விரா அம்மா வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஸ்பானிஷ்கூடச் சரியாக வராது. எல்விரா அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இங்க வேலை செஞ்சவங்க எல்லாருமே லூப்பேதான். நீயும் லூப்பேயாவே இருந்துடு. ஒவ்வொருத்திக்கும் ஒரு பேரு பழகணும்னா எனக்குத் தலைவலி."

இது எல்விரா அம்மாவின் கண்டுபிடிப்பு இல்லை. பல வீடுகளில் அப்படித்தான். முந்தினவள் விட்டுப்போன ஏப்ரனோடு அவள் பெயரையும் மாட்டிவிடுவார்கள். நாய் மாறும்போது மட்டும் குடும்பமே உட்கார்ந்து புதுப் பெயர் யோசிக்கும்.

தொமாசா ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றாள். மற்றப் பெண்கள் சாப்புல்தெபெக் பூங்காவில் சிப்பாய்களோடு ஐஸ்கிரீம் சாப்பிடும்போது இவள் மேலே உட்கார்ந்து எழுதுவாள். லாண்டரியிலிருந்து வரும் ஐயாவின் சட்டைக்குள் அட்டை இருக்குமே, அதில்தான் எழுதுவாள். மாடிப் பெண்கள் சும்மா விடுவார்களா?

"ஏன்டீ, எங்களப் பத்தியும் எழுதறியாமே? என் மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதா எழுதிடு."

"உன் மூக்குக்கு ஒரு அட்டை பத்தாதுடி" என்பாள் தொமாசா.

அந்த அட்டைகளை வகுப்பு ஆசிரியை ஒருத்தி சின்னப் பதிப்பகம் ஒன்றுக்கு எடுத்துப்போனாள். புத்தகம் அச்சாகி வந்தது. தொமாசா முதல் பிரதியை மொட்டைமாடிக்கு எடுத்துவந்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். முதல் அத்தியாயம், எல்விரா அம்மா அவள் பெயரைப் பிடுங்கிக்கொண்ட கதை. பெண்கள் அழுதார்கள், ஈரக் கையோடு தட்டினார்கள். மூன்றாம் அத்தியாயம், ஐந்தாம் மாடி வீட்டில் வேலை செய்த கோஞ்சாவின் கதை. அந்த வீட்டுப் பையன் மாதா கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய விருந்தன்று ஊரிலிருந்து தந்தி வந்தது. விருந்து கெட்டுவிடும் என்று வீட்டம்மா அதை மறைத்துவைத்து, பாத்திரமெல்லாம் கழுவி முடித்தபிறகுதான் கொடுத்தாள். கோஞ்சாவின் மகள் இறந்துபோயிருந்தாள். பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது அடக்கமும் முடிந்துவிட்டது.

அந்த அத்தியாயத்துக்கு யாரும் கைதட்டவில்லை. கோஞ்சா எழுந்து அறைக்குள் போய்விட்டாள். அதற்கு மறுநாள்தான் வரமாட்டேன் என்றது.

தொமாசா என் அறைக்கு ஓடிவந்தாள். "ரமோனாக்கா, முன்வரிசையில அவளத்தானே உக்கார வைக்கணும்னு இருந்தேன்? புள்ளையைப் பத்தி எழுதலாமான்னு கேட்டுத்தானே எழுதினேன்?"

"என்கிட்ட ஏன்டீ கேக்கற? அவகிட்டப் போய்க் கேளு" என்று சொல்லி, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற சாக்கில் நானும் பின்னாலேயே ஏறினேன்.

கோஞ்சா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "புள்ளையைப் பத்தி இல்ல தொமாசா. அவளப் பத்தி அழகாத்தான் எழுதியிருக்க."

"பின்ன என்னக்கா?"

"உன் பேரைப் புடுங்கினாங்கன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்க. சரி. அப்புறம் என்னை என்னன்னு எழுதியிருக்க?"

"கோஞ்சான்னு."

"கோஞ்சா எனக்கு முன்னாடி அந்த வீட்டுல இருந்தவ. பேக்கரிக்காரனோட ஓடிட்டா. அவ ஏப்ரன், அவ பேரு, ரெண்டையும் எனக்கு மாட்டினாங்க. பதினோரு வருஷமா அந்தச் சுவத்துக்கு அந்தப்பக்கம் படுத்திருக்க. ஒரு நாள் கேட்டியாடி?"

தொமாசாவின் முகம் வெளுத்துவிட்டது. "உன் பேரு என்னக்கா? சொல்லு, அச்சுல மாத்தச் சொல்றேன்."

"பாத்தியா, இப்பவும் புஸ்தகத்துக்காகத்தான் கேக்கற."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தொமாசாவுக்கு அன்று தெரிந்தது. படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்காவது தெரியுமாக்கா?" என்று கேட்டாள். தெரியும். புதிதாக உள்ளே வருகிற யாரையும் பெயர் கேட்காமல் நான் விட்டதில்லை. 'இங்க அந்தப் பேரு வேணாங்க்கா' என்று முதல் நாளே கோஞ்சா சொன்னதால் நானும் சொல்லவில்லை.

"பக்கத்து வீட்டுல கடன் வாங்கிக்கறதுக்கு அது என்ன உப்பா?" என்றேன்.

விழாவுக்கு எல்விரா அம்மா சென்ட் போட்டுக்கொண்டு வந்தாள். "எங்க லூப்பே, எங்க லூப்பே" என்று பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தாள். வெட்கம் என்பது சிலருக்கு விதிக்கவே இல்லை. தொமாசா மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்து, வாசிக்காமல் நின்றாள்.

"இதுல இருக்கற பேரு அவ பேரு இல்ல. அவ பேரு எனக்குத் தெரியாது. நான் கேக்கவே இல்ல."

புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தாள். சிலர் கைதட்ட ஆரம்பித்தார்கள். "தட்டாதீங்க" என்றாள்.

மறுநாள் அவள் மாடிக்குப் போய், தொட்டியில் கோஞ்சாவுக்கு எதிரே நின்று ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் பிழிந்தார்கள். இரண்டாவது போர்வையையும் பிழிந்தார்கள்.

"எழுதறதுக்கு இல்லக்கா. உன்னைக் கூப்பிடறதுக்கு."

"அச்சுல போடமாட்டியே?"

"மாட்டேன்."

"வேற எதுலயும்?"

"எதுலயும் எழுதமாட்டேன். சத்தியமா."

"என் உழைப்பு அவங்களுக்குப் போச்சு. என் அழுகை உன் புஸ்தகத்துக்குப் போச்சு. யாருக்கும் குடுக்காதது இது ஒண்ணுதான்" என்று கோஞ்சா சொன்னாள். பிறகு பெயரைச் சொன்னாள்.

தொமாசா வேலையை விட்டாள், இன்னும் நான்கு புத்தகம் எழுதினாள். வெளிநாட்டுக்கெல்லாம் போய்வந்தாள். முதல் புத்தகம் எத்தனை முறை அச்சானாலும் அதில் கோஞ்சா கோஞ்சாதான். மாடிக்கு வரும்போது மட்டும் தொமாசா அவளை வேறு பெயரில் கூப்பிடுவாள்.

போன மாதம் கோஞ்சா போய்ச் சேர்ந்தாள். கல்லறைச் சிலுவைக்குத் தொமாசா ஏற்பாடு செய்திருந்தாள். கல்தச்சன் உளியோடு நின்று, "என்ன பேரு போடணும்?" என்றான்.

தொமாசா என்னைப் பார்த்தாள்.

"கோஞ்சான்னு போடட்டுமாம்மா?"

"வேணாம். ஒண்ணும் போடாதீங்க."

"அனாதைப் பொணம்னு நினைப்பாங்கம்மா."

"நினைக்கட்டும். நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாள். அதற்குமேல் அடக்க முடியாமல் அழுதாள்.

கல்தச்சன் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்தான். குழிவெட்டிகள் மண்வெட்டியை எடுத்தார்கள். "ஒரு நிமிஷம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று தொமாசா அவர்களை அனுப்பிவிட்டு, மண்ணில் மண்டியிட்டுக் குழிக்குள் குனிந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்குத் தாங்கவில்லை, நானும் கூப்பிட்டேன்.